ஊருக்குப் புதுசு, வயிற்றில் பிள்ளை: பங்கில் யாரிடம் என்ன கேட்பது?

வேலைக்காகச் சென்னைக்கோ கோவைக்கோ ஓசூருக்கோ குடிவந்த கத்தோலிக்கத் தம்பதி. அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாது. மனைவிக்கு இரண்டு மூன்று மாதம் ஆகிறது. ஞாயிறு பூசைக்குப் போகிறார்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். அந்த மாதிரி வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பங்குகளில், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் கோவில் வட்டாரங்களில், திருமணத்துக்கு முன்தயாரிப்பு வகுப்பு இருக்கிறது, புதுநன்மைக்கு மாதக்கணக்கில் மறைக்கல்வி இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கென்று தனியாக ஓர் ஏற்பாடு பெரும்பாலான பங்குகளில் கிடையாது. ஆனால் உதவி இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அது ஆட்கள் வழியாக வரும். உங்களைத் தெரிந்தால்தான் வரும். அதனால் ஏழாம் மாதம், வளைகாப்பு என்று காத்திராமல் கர்ப்பம் உறுதியானதுமே வேலையை ஆரம்பியுங்கள்.

எந்தப் பங்கு உங்களுடையது?

பங்கு என்பது பெரும்பாலும் எல்லை வைத்துப் பிரிக்கப்பட்டது. உங்கள் தெரு எந்தப் பங்கின் எல்லைக்குள் வருகிறதோ அதுதான் உங்கள் பங்கு. சென்னையில் இருப்பவர்கள் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோவிலுக்கோ சாந்தோமுக்கோ போய் வருவது பக்திக்குச் சரி. ஆனால் நாளைக்கு ஒரு கடிதம் வேண்டும், வீட்டுக்கு வந்து ஜெபிக்க ஆள் வேண்டும், குழந்தைக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்றால் உங்கள் எல்லைப் பங்குக்குத்தான் திருப்பி அனுப்புவார்கள். பக்கத்தில் உள்ள எந்தக் கோவிலில் கேட்டாலும், கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளையோ வாசலில் மெழுகுவர்த்தி விற்பவரோ எல்லையைச் சொல்லிவிடுவார். புறநகர்களில் பங்குக் கோவில் தூரமாக இருந்து, கிளைக் கோவில் பக்கத்தில் இருக்கும். பூசை அங்கே, பதிவேடு பங்குக் கோவிலில்.

கணவனும் மனைவியும் வேறு வேறு வழிபாட்டு முறையைச் சேர்ந்தவர்கள் என்றால், உதாரணமாக ஒருவர் இலத்தீன் முறை, மற்றவர் சீரோ மலபார், குழந்தை எந்தச் சபையில் சேரும் என்பதற்குத் தனிச் சட்டம் உண்டு. பிறந்த பிறகு இரண்டு வீட்டாரும் இதை வைத்து மல்லுக்கு நிற்பதைவிட, இப்போதே பங்குத்தந்தையான சாமியாரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

பெயரைப் பதியுங்கள்

பங்கு அலுவலகத்துக்குப் போகும்போது கோவில் திருமணச் சான்றிதழ், இருவருடைய ஞானஸ்நானச் சான்றிதழ், பழைய பங்கின் குடும்ப அட்டை இருந்தால் அது, இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பங்கிலிருந்து ஒரு மாற்றுக் கடிதம் வாங்கி வந்தால் வேலை சுலபம். எல்லாம் கையில் இல்லாவிட்டாலும் போங்கள், பிறகு கொண்டுவந்து தருகிறோம் என்று சொல்லலாம். குடும்பப் பதிவேட்டில் பெயர் ஏற்றி, புது அட்டை தருவார்கள். வருடச் சந்தா என்று ஒரு தொகை இருக்கும், பங்குக்குப் பங்கு மாறும். தென் மாவட்டங்களில் இதைக் கோவில் வரி என்பார்கள். இப்போது கட்ட வழியில்லை என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு சாமியாரைப் பிடிக்காதீர்கள். அந்த நேரத்தில் அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள், நீங்கள் சொன்னது அவர் மனதில் நிற்காது. வாரநாள் மாலைப் பூசைக்குப் பிறகு போங்கள். பல பங்குகளில் திங்கள் சாமியார்களுக்கு ஓய்வு நாள், அதைத் தவிர்த்துவிடுங்கள். நகரத்தில் ‘ஃபாதர்’ என்றும் கிராமத்தில் ‘சாமி’ என்றும் கூப்பிடுவார்கள், எதுவும் தப்பில்லை.

என்ன சொல்வது என்று தயங்குபவர்களுக்கு: “ஃபாதர், நாங்க இந்த ஏரியாவுக்குப் புதுசு. இவங்களுக்கு நாலு மாசம். சொந்தக்காரங்க யாரும் பக்கத்துல இல்ல. எங்க அன்பியம் எது, யாரைப் பார்க்கணும்னு சொல்லுங்க.” இவ்வளவு போதும். கடைசிக் கேள்விதான் முக்கியம். அன்பியம் என்பது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு. பங்குத்தந்தை ஐந்தாறு வருடத்தில் மாறிப் போய்விடுவார், அன்பியத்து ஆட்கள் அங்கேயே இருப்பார்கள்.

அன்பியம்: உண்மையான உதவி இங்கே

அக்கம்பக்கத்து இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்தது ஓர் அன்பியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதரின் பெயர், ஒரு பொறுப்பாளர். முறை வைத்து வீடு வீடாகக் கூடி ஜெபமாலை சொல்லி, விவிலியம் வாசித்து, டீயும் சுண்டலும் சாப்பிட்டுக் கலைவார்கள். இளம் தம்பதிகள் இதை வயதானவர்கள் கூடும் இடம் என்று ஒதுக்குவது எனக்குத் தெரியும். கர்ப்ப காலத்தில் அந்த வயதானவர்கள்தான் வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். கணவர் இரவுப் பணியில் இருக்கும்போது வலி கண்டால், ஆட்டோ வைத்திருப்பவர் யார், மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கும் பெண் யார், கூடவே போய் உட்காரக்கூடிய அம்மா யார் என்பதெல்லாம் பொறுப்பாளருக்கு அத்துப்படி. ஏரியாவில் எந்த டாக்டர் பொறுமையாகப் பேசுவார், எங்கே ஸ்கேனுக்குக் காலையிலேயே வரிசை நிற்கும் என்பதும் அங்கேதான் தெரியவரும். ஒரே கூட்டத்துக்குப் போய்விட்டு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மூன்று முறை முகம் தெரிந்தால்தான் அவர்களுக்கும் உரிமையோடு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டத் தோன்றும். முடிந்தால் ஒரு கூட்டத்தை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் இடமில்லை என்று கூச்சப்பட வேண்டாம், பாயை விரித்தால் ஆயிற்று.

தொந்தரவும் உண்டு, மறைக்கவில்லை. பப்பாளி சாப்பிடாதே, கிரகணத்தன்று வெளியே வராதே, வயிறு கூர்மையாக இருக்கிறது பையன்தான் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சரி சரி என்று கேட்டுக்கொண்டு, மருந்து மாத்திரை விஷயத்தில் மட்டும் டாக்டர் சொன்னதில் நில்லுங்கள். ஸ்கேனில் என்ன பிள்ளை என்று யாராவது விசாரித்தால், அதைச் சொல்வதும் கேட்பதும் சட்டப்படி குற்றம் என்று சொல்லி முடித்துவிடலாம்.

இளைஞர் குழுவையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பல பங்குகளில் இரத்ததானம் செய்பவர்களின் பட்டியல் அவர்களிடம் இருக்கும். உங்களுடையது நெகட்டிவ் வகை இரத்தம் என்றால் எட்டாம் மாதத்திலேயே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

பணமும் பொருளும் வேண்டுமானால்

இதைக் கேட்க நம்மவர்களுக்கு நாக்கு எழாது. பங்கில் புனித வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறதா என்று பாருங்கள். 1833-இல் பாரிசில் கல்லூரி மாணவர்கள் சிலர் தொடங்கியது, 1863 முதல் இந்தியாவிலும் இருக்கிறது. உறுப்பினர்கள் இரண்டிரண்டு பேராக வீட்டுக்கே வந்து நிலைமையைக் கேட்பார்கள். அவர்கள் கூட்டத்தில் எடுக்கும் இரகசியக் காணிக்கையில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. உதவி வாங்கியவர் பெயரையும் வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். மாத மளிகை, மருந்துச் செலவு, சில சமயம் வாடகை வரை பார்ப்பார்கள். மதம் பார்ப்பதில்லை, உங்கள் பக்கத்து வீட்டு இந்துப் பெண்ணுக்கும் நீங்கள் கேட்கலாம். பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். பிரசவ பில் மொத்தத்தையும் ஒரு பங்குச் சபையால் கட்ட முடியாது.

பங்கில் கன்னியர் மடம் இருந்தால் சிஸ்டர்களைப் பாருங்கள். ஆண்களிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம். கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்பது மாதிரி விஷயம் என்றால் அவர்களிடம் சொல்வதோடு 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் கூப்பிடுங்கள். ‘பொறுத்துப் போம்மா’ என்று யாராவது, சாமியாரே ஆனாலும், சொன்னால் அந்த அறிவுரையைக் கேட்கத் தேவையில்லை.

கோவில் உதவியை நம்பி அரசு உதவியை விட்டுவிடக்கூடாது. 12 வாரத்துக்குள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பதிந்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்குங்கள். தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் இந்த எண் வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் வரை தவணையாகக் கிடைக்கிறது. இந்தத் தவணைக்குரிய நிபந்தனைகளைச் செவிலியரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும் பெண்ணாக இருந்தால், சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. உங்கள் நிறுவனம் இழுத்தடித்தால், மறைமாவட்டத்தில் தொழிலாளர் பணிக்குழு இருக்கிறதா என்று பங்குத்தந்தையிடம் விசாரிக்கலாம்.

கன்னியர் மருத்துவமனையா, அரசு மருத்துவமனையா?

‘சிஸ்டர்ஸ் ஆஸ்பத்திரி’ என்றாலே பிரசவத்துக்குப் பேர்போனது என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. ஒரு விசித்திரம் என்னவென்றால், 1936 வரை கன்னியர் பிரசவம் பார்ப்பதற்குத் திருச்சபையில் பொது அனுமதியே இல்லை. ஆஸ்திரேலிய டாக்டர் மேரி குளோரி 1920-இல் குண்டூருக்கு வந்து இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தபோது, கன்னியாக இருந்துகொண்டே வைத்தியம் பார்க்க ரோமிலிருந்து தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதன் பிறகு அங்கே ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வைத்தியம் பார்த்து, 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கென்று இந்திய அளவில் ஒரு சங்கத்தையும் தொடங்கிவைத்தார். இன்றைக்கு ஊர் ஊராக இருக்கும் கன்னியர் மருத்துவமனைகளின் கதை அந்தக் காலத்தில்தான் வேகம் பிடித்தது.

நடைமுறைக்கு வருவோம். கன்னியர் மருத்துவமனை என்றால் இலவசம் என்று நினைத்துப் போகாதீர்கள். சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு, சிசேரியனுக்கு எவ்வளவு, பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ளேயே இருக்கிறதா, இரவில் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். கடைசி இரண்டு கேள்விக்கும் இல்லை என்று பதில் வந்து, உங்களுக்கு இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் நல்ல இடம். கட்டணச் சலுகை வேண்டும் என்றால் பங்குத்தந்தையிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு முன்பே போய் நிர்வாகச் சிஸ்டரைப் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கடிதத்தை நீட்டினால் அவர்களுக்கும் சங்கடம்.

இன்னொன்று, யாரும் முன்னால் சொல்ல மாட்டார்கள். கத்தோலிக்க மருத்துவமனைகளில் கருக்கலைப்பும் கருத்தடை அறுவையும் செய்ய மாட்டார்கள். திருச்சபையின் போதனை அது. இரண்டாவது சிசேரியனோடு கருத்தடையும் செய்துகொள்ளலாம் என்று பலர் திட்டம் போட்டிருப்பார்கள். உங்கள் மனசாட்சிப்படி நீங்கள் எடுக்கும் முடிவு எதுவானாலும், அறுவை அரங்க வாசலில் இது தெரியவரக்கூடாது. முதல் பரிசோதனையின்போதே பேசிவிடுங்கள்.

பூசை, நோன்பு, நேர்ச்சை

ஞாயிறு பூசை கடமைதான். ஆனால் உடல்நலக் குறைவு நியாயமான காரணம் என்று மறைக்கல்வி ஏடே சொல்கிறது. வாந்தியும் மயக்கமுமாக இருக்கும் பெண் வீட்டில் இருந்தால் பாவமில்லை. போக முடிந்தால், நடைபாதை ஓரமாக, மின்விசிறிக்குக் கீழே, கழிவறைக்குப் பக்கமாக இடம் பிடியுங்கள். சாம்பிராணி ஒத்துக்கொள்ளாவிட்டால் பாட்டுப் பூசையை விட்டுவிட்டு அதிகாலைப் பூசைக்குப் போகலாம். முழங்காலிட வேண்டியதில்லை, உட்கார்ந்தே இருங்கள். முறைத்துப் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக்கூடாது. தண்ணீருக்கும் மருந்துக்கும் விலக்கு. டாக்டர் படுக்கையில் இருக்கச் சொல்லிவிட்டால், பொறுப்பாளரிடம் சொல்லி வீட்டுக்கே நற்கருணை கொண்டுவரச் சொல்லலாம். நோயாளிகளுக்கு மாதத்தின் முதல் வெள்ளியன்று கொண்டுபோகும் வழக்கம் பல பங்குகளில் இருக்கிறது, அந்தப் பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டால் போதும்.

தவக்காலத்தில்தான் வீட்டில் வாக்குவாதம் வரும். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருவேளை உணவு நோன்பு என்பது 18 வயதிலிருந்து 59 வயது வரை எல்லோருக்கும் பொது. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அது கட்டாயமில்லை என்பதுதான் காலங்காலமாகத் திருச்சபையில் சொல்லப்பட்டு வருவது. மாமியார் நம்பவில்லையா? சாமியாரையே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் நேர்ச்சை. ‘பிள்ளை தங்கினால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன்’ என்று நேர்ந்துகொண்டவர்கள் நிறைய. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. அந்த நாட்களில் காவி உடுத்திச் சாலையோரமாக நடந்துபோகும் கூட்டத்தைப் பார்த்தால் நமக்கும் கால் பரபரக்கும். கர்ப்ப காலத்தில் வேண்டாம். கைக்குழந்தையோடும் வேண்டாம். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து நியாயமான காரணத்துக்காக விடுவிக்கும் அதிகாரம் பங்குத்தந்தைக்கு உண்டு என்று திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது. நேர்ந்தவரே அதைவிட மேலான, அல்லது அதற்குச் சமமான நற்செயலாக மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். தொட்டில் கட்டுவதாக நேர்ந்தது மாதிரிச் சின்ன நேர்ச்சை என்றால் உடம்பு தேறிய பிறகு ரயிலில் போய்க் கட்டிவிட்டு வரலாம், மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆசியும் வளைகாப்பும்

1984-இல் வெளியான திருச்சபையின் ஆசி நூலிலேயே பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஓர் ஆசி, பிரசவத்துக்குப் பின் ஓர் ஆசி என்று தனித்தனியாக இருக்கின்றன. இது பலருக்குத் தெரியாது, எண்ணெய் மந்திரித்துத் தரச் சொல்லி அலைவார்கள். வாரநாள் பூசைக்குப் பிறகு, “ஃபாதர், பிரசவத்துக்கு முன்னாடி ஆசீர்வாதம் வேணும்” என்று கேளுங்கள். அஞ்சு நிமிட வேலை. காணிக்கை கட்டாயமில்லை. மரியா எலிசபெத்தைச் சந்தித்த திருநாளான மே 31, அல்லது கிறிஸ்து பிறப்பு அறிவிப்பு விழாவான மார்ச் 25 அன்று சில பங்குகளில் கர்ப்பிணிகள் எல்லோரையும் முன்னால் அழைத்து ஆசி கொடுப்பார்கள். உங்கள் பங்கில் இல்லையென்றால் அன்பியம் வழியாக அடுத்த வருடத்துக்குக் கேட்டுவையுங்கள்.

வளைகாப்புக்குத் திருச்சபையில் தடையில்லை. சாமியாரோ சிஸ்டரோ வந்து ஜெபித்து, வளையலை மந்திரித்த பிறகு பெண்கள் போட்டுவிடுவது நம் வீடுகளில் சகஜம். தவக்காலத்தில் மட்டும் வைக்காதீர்கள், யாரும் வரத் தயங்குவார்கள். ஒரு வேண்டுகோள்: பிள்ளையில்லாத பெண்ணையும் விதவையையும் வளையல் போட விடாமல் ஒதுக்கும் வழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

கர்ப்பிணிகளின் பாதுகாவலராகச் சொல்லப்படுபவர் புனித ஜெரார்டு மஜெல்லா. இத்தாலியில் 1726-இல் பிறந்து 29 வயதில் காசநோயால் இறந்த துறவறச் சகோதரர், அவர் திருநாள் அக்டோபர் 16. அவர் மறந்து வைத்துவிட்டுப் போன கைக்குட்டையைப் பிற்பாடு ஒரு பெண் பிரசவ வேதனையில் கேட்டு வாங்கிப் பிடித்துக்கொண்டு நல்லபடியாகப் பிள்ளை பெற்றாள் என்பது மரபுக் கதை. தன் உயிரைவிட வயிற்றுப் பிள்ளையின் உயிரைப் பெரிதாக எண்ணி 1962-இல் இறந்த குழந்தை மருத்துவர் ஜியன்னா பெரெட்டா மொல்லாவுக்கு 2004-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. பெரிய ஆன்மா, சந்தேகமில்லை. ஆனாலும் ஏற்கெனவே பயந்துபோயிருக்கும் எட்டு மாதக் கர்ப்பிணிக்கு அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

கல்யாணம் ஆகவில்லை, அல்லது கணவர் இல்லை

இங்கேதான் பங்குகள் பல இடங்களில் தடுமாறுகின்றன. வம்பு பேசும் வாய்கள் உண்டு. ஆனால் திருச்சபையின் நிலைப்பாடு தெளிவு: பிள்ளையை வைத்துக்கொள்ள முடிவெடுத்த பெண்ணை விரட்டிவிடக் கூடாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் புவனஸ் ஐரிஸில் பேராயராக இருந்தபோதே, 2012-இல், மணமாகாத தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் தர மறுத்த குருக்களைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அலுவலகத்தில் யாராவது முகம் சுளித்தால் நேரடியாகப் பங்குத்தந்தையிடம் போங்கள். பங்குத்தந்தையே சுளித்தால் பக்கத்துக் கன்னியர் மடத்துக்கோ மறைமாவட்ட ஆயர் இல்லத்துக்கோ போங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் தந்தை பெயரை அவருடைய ஒப்புதலோ ஆவணமோ இல்லாமல் எழுத மாட்டார்கள், அதற்காகச் சடங்கு நிற்காது.

பிள்ளையை வளர்க்கவே முடியாத நிலை என்றால் ஒன்றைக் கண்டிப்பாக நினைவில் வையுங்கள். குழந்தையை யார் கையிலும் நேரடியாகக் கொடுக்காதீர்கள், ‘நல்ல கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று கேட்கிறது’ என்று யார் வந்து சொன்னாலும் சரி. அது சட்டவிரோதம். மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்புதான் ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகும் மனம் மாறுவதற்குத் தாய்க்கு 60 நாள் அவகாசம் உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள்.

முன்பு எப்போதோ கருவைக் கலைத்துவிட்டு, இந்தக் கர்ப்பத்தில் அந்த நினைவு வந்து அலைக்கழிக்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கு ஆயரிடம் போக வேண்டும் என்ற பயம் வேண்டாம். 2016 முதல் எந்தக் குருவும் பாவசங்கீர்த்தனத்தில் அதை மன்னிக்கலாம். உள்ளூரில் கூச்சமாக இருந்தால் திருத்தலங்களில் முகம் தெரியாத குருவிடம் செய்யலாம்.

நெருக்கடி வந்தால்

முதலில் 108. பிறகுதான் சாமியார். வரிசை மாறக்கூடாது.

தாய்க்குக் கடுமையான சிக்கல் என்றால், எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் கேட்கலாம். சாகப்போகிறவர்களுக்குத்தான் அவஸ்தை பூசுவார்கள் என்ற பழைய பயத்தில் வீட்டார் தடுப்பார்கள். நோய் முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

குழந்தை பிழைக்குமா என்ற நிலையில் இன்குபேட்டரில் இருந்தால், குருவுக்காகக் காத்திருக்க வேண்டாம். யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். அப்பா, பாட்டி, நர்ஸ், கிறிஸ்தவரல்லாதவர்கூட, திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் போதும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, சுத்தமான தண்ணீரைத் தலையில் கொஞ்சம் வழியும்படி ஊற்றியபடியே, பெயரைச் சொல்லி, “தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். ‘நாங்கள்’ என்று சொன்னால் செல்லாது என்று 2020-இல் ரோமிலிருந்து தெளிவுபடுத்திவிட்டார்கள். பிறகு பங்குத்தந்தையிடம் தெரிவித்துப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். குழந்தை தேறி வந்தால் மற்றச் சடங்குகளைக் கோவிலில் செய்வார்கள், தண்ணீர் மட்டும் திரும்ப ஊற்ற மாட்டார்கள்.

கரு கலைந்துவிட்டால், பிள்ளை இறந்தே பிறந்தால், ஞானஸ்நானம் இல்லை. அதனால் அந்தப் பிள்ளைக்குக் கதியில்லை என்று யாராவது பாட்டி சொல்லிவிடுவார். அப்படி ஒரு தீர்ப்பைத் திருச்சபை சொல்லவில்லை. இப்படி இறக்கும் குழந்தைகளின் மீட்பை நம்பிக்கையோடு எதிர்பார்க்கலாம் என்று 2007-இல் வத்திக்கானின் இறையியல் குழு விரிவாகவே எழுதியிருக்கிறது. ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்த பெற்றோரின் பிள்ளைக்கு ஆயர் அனுமதியோடு அடக்கச் சடங்கு செய்யலாம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே மருத்துவமனையில் உடலை அவர்களே அகற்றிவிடட்டும் என்று அவசரத்தில் கையெழுத்துப் போடும் முன் பங்குத்தந்தைக்குப் போன் செய்யுங்கள். கல்லறைத் தோட்டத்தில் சின்ன இடம் கேளுங்கள். பெயர் வைத்து, பூசைக் கருத்தில் அந்தப் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். ‘அடுத்தது நல்லா வரும்’ என்று ஆறுதல் சொல்ல வருபவர்களிடமிருந்து அந்தப் பெண்ணைக் கொஞ்ச நாள் காப்பாற்றுவது அன்பியத்துப் பெரியவர்களின் வேலை.

பிள்ளை பிறந்த பிறகு

கடலோரப் பங்குகளில் சுறாப்புட்டும் உள்நாட்டில் பூண்டுக் குழம்பும் தூக்குச் சட்டியில் வந்து இறங்கும். தாய்வீடு தூரம் என்றால் பத்து நாளைக்குச் சமையலைப் பங்குபோட்டுக்கொள்ளும்படி அன்பியத்தில் கேட்கலாம். சொல்லத் தெரியாத அழுகை, தூக்கமின்மை, பிள்ளையைத் தொடவே பிடிக்காமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தலையில் கைவைத்து ஜெபிப்பதோடு நிற்காமல் டாக்டரிடம் போங்கள். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், மருத்துவமனைகளே பெரும்பாலும் செய்துவிடும். பெயரின் எழுத்து பிறப்புச் சான்றிதழிலும் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இல்லாமல் இருந்தால் சரி. யாழினிக்கும் கவினுக்கும் ஞானஸ்நானம் உண்டு.

ஞானப்பெற்றோர் ஒருவர் இருந்தாலே போதும். இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். 16 வயது நிறைந்து, உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். தாய்மாமன் கத்தோலிக்கரல்லாத கிறிஸ்தவர், உதாரணமாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். இந்துவாக இருந்தால் பதிவேட்டில் வர மாட்டார், மற்ற மரியாதையெல்லாம் அவருக்கே செய்யுங்கள். பிறந்த சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறது சட்டம். மண்டபம் கிடைக்கவில்லை, மாமா துபாயிலிருந்து வரவில்லை என்று ஒரு வருடம் தள்ளிப்போடுவது நம் பழக்கம். விருந்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாமே.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் ஞானஸ்நானமும் அங்கேயே நடப்பது வழக்கம். அதற்கு உங்கள் பங்கிலிருந்து அனுமதிக் கடிதம் வேண்டும். ஊருக்குக் கிளம்பும் முன்பே, அதாவது ஏழாம் மாதத்திலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானம் எங்கே நடக்கிறதோ அங்கேதான் பதிவு இருக்கும். இருபத்தைந்து வருடம் கழித்துப் பிள்ளையின் கல்யாணத்துக்கு, கையில் இருக்கும் பழைய சான்றிதழ் செல்லாது. அந்தப் பதிவேட்டிலிருந்து புதிதாக எடுத்த நகல் கேட்பார்கள். ஆகவே ஊர், பங்கு, நாள், பதிவு எண் நான்கையும் உங்கள் குடும்ப அட்டையின் பின்பக்கம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குத் திரும்பியதும் சான்றிதழின் ஒரு நகலைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்து, பிள்ளையின் பெயரையும் குடும்பப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.